கிம்புலுங்: வலாக்கியாவின் முதல் தலைநகரம் என்பது எந்த அளவுக்குச் சரி?

கேள்வி: திருமாறன்

அனைவருக்கும் வணக்கம். ருமேனியாவின் அர்ஜெஷ் மாவட்டத்தில், கார்பேத்திய மலைகளின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் கிம்புலுங் என்ற பழைய ஊரைப் பற்றிச் சில ஐயங்கள் உள்ளன. வடக்கே மொல்தாவியப் பகுதியிலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு; நான் கேட்பது அர்ஜெஷ் மாவட்டத்தின் முஸ்செல் வட்டாரத்து ஊரைப் பற்றி.

பொதுவான அறிமுகக் கட்டுரைகள் எல்லாம் இவ்வூரை, இன்றைய ருமேனியாவின் தெற்கில் இடைக்காலத்தில் உருவான வலாக்கிய அரசின் முதல் தலைநகரம் என்கின்றன. நெக்ரு வோடா என்ற தலைவர் 1290ஆம் ஆண்டில் ஃபகராஷ் பகுதியிலிருந்து மலையைக் கடந்து வந்து இவ்வூரை நிறுவினார் என்ற கதையையும் சேர்த்தே சொல்கின்றன. ஆனால் ஊரின் பெயர் காணப்படும் மிகப் பழைய சான்று, ஒரு கத்தோலிக்க ஆலயத்தில் உள்ள 1300ஆம் ஆண்டின் இலத்தீன் கல்லறைக் கல்வெட்டு என்றும் அவையே குறிப்பிடுகின்றன. கிழக்கு மரபுத் திருச்சபையைச் சேர்ந்த ருமேனிய அரசின் தலைநகரில் முதலில் தென்படுபவர் ஒரு கத்தோலிக்கர் என்பது எனக்குப் பொருந்தி வரவில்லை. மேலும், தலைமை இடம் சில பத்தாண்டுகளிலேயே குர்தியா தெ அர்ஜெஷுக்கும் பின்னர் திர்கோவிஷ்தேக்கும் போய்விட்ட பிறகும் இந்த ஊர் தளரவில்லை. 1521இல் இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ருமேனிய மொழிக் கடிதம் இவ்வூர் வணிகர் ஒருவரிடமிருந்தே புறப்பட்டிருக்கிறது. அரசர் போன பிறகும் ஊரைத் தாங்கிப் பிடித்தது எது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: மலைவழி

வணக்கம் திருமாறன். உங்களுக்குப் பொருந்தாமல் தெரியும் அந்தக் கல்லறையிலிருந்தே தொடங்குவோம், ஏனெனில் ஊரின் கதை அங்கேதான் இருக்கிறது.

பரட்சியா என்று அழைக்கப்படும் அந்தக் கத்தோலிக்க ஆலயத்துக் கல்லில், "கிம்புலுங்கின் கோமெஸ் லவுரென்சியுஸ்" இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்றும், ஆண்டு 1300 என்றும் பொறித்திருக்கிறார்கள். ஊரின் பெயர்கூட இலத்தீனில் 'லோங்கோ காம்போ' என்றுதான் வருகிறது. கோமெஸ் என்பது பதவிப் பெயர். அவர் அங்கேரி அரசரின் அலுவலரா, அல்லது அங்கே குடியேறியிருந்த ஜெர்மானியக் குடிகளின் தலைவரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படி இருந்தாலும், 1300க்கு முன்பே அங்கே ஒரு தலைவரையும் ஆலயத்தையும் தாங்கும் அளவுக்கு வசதியுள்ள கத்தோலிக்கக் குடியிருப்பு இருந்திருக்கிறது.

இவர்கள் மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள். 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கேரி அரசர் இரண்டாம் கேசா, சாக்சன்கள் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட ஜெர்மானியக் குடிகளை, மலைக்கு வடக்கே தம் ஆட்சியில் இருந்த டிரான்சில்வேனியாவில் குடியமர்த்தத் தொடங்கினார். 1211இல் இரண்டாம் ஆண்ட்ராஷ், அங்குள்ள பிரஷோவ் சமவெளியை டியூட்டானிக் வீரர் சபை என்ற ஜெர்மானியச் சிலுவைப்போர் அமைப்புக்கு வழங்கினார்; 1225இல் அவர்களை அவரே வெளியேற்றியும் விட்டார். ஆனால் அவர்களோடு வந்த குடிகள் தங்கிவிட்டனர். பிரஷோவ் வணிக நகரமாக வளர்ந்தது; அங்கிருந்து தெற்கே தன்யூப் ஆற்றுக்கு இறங்க வேண்டுமானால் பிரான், ருக்கர் வழியாக மலையைக் கடப்பதே வசதியான பாதைகளுள் ஒன்று. அந்தப் பாதை மலையை விட்டு வெளியே வந்து அகன்ற பள்ளத்தாக்கில் சேரும் இடத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், கிம்புலுங் இருக்கிறது. ஊரின் ஊடே ஓடும் ஆற்றுக்கே 'ரிவுல் திர்குலுய்', அதாவது சந்தையின் ஆறு, என்றுதான் பெயர்.

உரோமானியர்களும் இதே இடத்தின் பயனை உணர்ந்திருந்தார்கள். ஊருக்குத் தெற்கே ஜிதாவா என்னுமிடத்தில் அவர்களுடைய எல்லைக் காவல் அரணின் கல் சுவர்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் அது 3ஆம் நூற்றாண்டுச் செய்தி. இடைக்கால ஊருக்கும் அதற்கும் தொடர்ச்சி காட்ட முயல்வது வீண்வேலை.

நெக்ரு வோடா கதையைப் பொறுத்தவரை, அது எழுத்தில் நிலைபெற்றது 17ஆம் நூற்றாண்டின் வலாக்கிய வரலாற்று ஏடுகளில். அதாவது சொல்லப்படும் நிகழ்ச்சிக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அப்படி ஒரு தலைவர் இல்லை. மலைக்கு அப்பாலிருந்து மக்கள் வந்ததைப் பற்றிய உண்மையான நினைவு ஒன்று அக்கதைக்குள் இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன்.

மறுமொழி 2: சுவடிக்கூடம்

மலைவழி சொன்னவற்றோடு உடன்படுகிறேன். தலைநகரம் என்ற சொல்லைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வலாக்கியாவின் முதல் அரசர் என்று ஆவணங்கள் உறுதியாகக் காட்டுபவர் முதலாம் பசராப். 1324இல் அங்கேரி அரசர் சார்லசின் ஆவணத்தில், அவருக்குக் கட்டுப்பட்ட வோய்வோடாக, அதாவது நாட்டுத் தலைவராக, குறிப்பிடப்படுகிறார். 1330 நவம்பரில் அதே சார்லஸ் படையெடுத்து வந்து அர்ஜெஷ் வரை போய்த் திரும்பும்போது, ஒரு மலை இடுக்கில் பசராப்பின் ஆட்கள் மேலிருந்து கல்லும் அம்பும் பொழிந்து அவருடைய படையைச் சிதைத்தனர். அரசர் தம் உடையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துத் தப்பினார் என்று அங்கேரிய வரலாற்று ஏடே எழுதுகிறது. போசதா என்று இன்று வழங்கும் அந்தப் போர்க்களம் எங்கே என்பது தீராத வழக்கு. கிம்புலுங்குக்கு மேலேயுள்ள பிரான் பாதையும் வழக்காடும் இடங்களுள் ஒன்று.

இனிச் சான்றுகளைப் பாருங்கள். குர்தியா தெ அர்ஜெஷில் உள்ள அரச ஆலயமான புனித நிக்கோலாஸ் கோவிலின் சுவர்ப் பூச்சில் யாரோ ஒருவர் கூர்முனையால் கீறி வைத்த ஒரு வரி, 1920இல் நடந்த ஆய்வின்போது வெளிப்பட்டது. "6860ஆம் ஆண்டில் கிம்புலுங்கில் பெரிய பசராப் வோய்வோட் மறைந்தார்" என்பது அதன் பொருள். உலகம் படைக்கப்பட்ட ஆண்டிலிருந்து கணக்கிடும் பைசாந்திய முறை அது. நம் கணக்கில் 1351 செப்டம்பருக்கும் 1352 ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட காலம். முறையான கல்வெட்டாக இல்லாமல், கட்டுமானம் நடந்துகொண்டிருந்த சுவரில் செய்தி வந்ததும் கிறுக்கப்பட்டது போல் அது இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதன் மீது நம்பிக்கை அதிகம். அரசர் இறப்பது கிம்புலுங்கில். அதே வேளையில் அவர் குடும்பத்தின் புதிய ஆலயம் எழுவது அர்ஜெஷில்.

மகன் நிக்கோலாய் அலெக்சாந்துருவின் கதையும் இப்படித்தான். 1359இல் கான்ஸ்டாண்டினோப்பிளின் முதன்மை ஆயர் வலாக்கியாவுக்குத் தனி மெத்ரோபொலித் (தலைமை ஆயர்) பீடத்தை ஒப்புக்கொண்டபோது அது அர்ஜெஷில் அமைந்தது. ஆனால் 1364 நவம்பரில் இறந்த அந்த அரசரைப் புதைத்ததோ கிம்புலுங்கில். கல்லறைக் கல் அங்கே உள்ளது. ஆகவே "தலைநகரம் மாறியது" என்று ஒரு நாளைக் குறிக்க இயலாது. அக்கால அரசர் தம் பரிவாரத்தோடு இருப்பிடங்களை மாற்றிக்கொண்டே இருந்தவர். ஒரு தலைமுறைக்கும் மேலாக இரண்டு ஊர்களும் அரச இருப்பிடங்களாக விளங்கின. முதல் தலைநகரம் என்பதைவிட முதல் அரச இருப்பிடங்களுள் ஒன்று என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

அரசர் போன பிறகு ஊர் ஏன் தளரவில்லை என்ற கேள்விக்கு என் விடை: ஊர் அரசரால் வாழவில்லை. 1368இல் வலாக்கிய அரசர் விளாதிஸ்லாவ் பிரஷோவ் வணிகர்களுக்கு அளித்த சலுகை ஆவணத்தில் கிம்புலுங்கில் கட்ட வேண்டிய சுங்கம் இடம்பெறுகிறது. 1377இல் பிரஷோவ் மக்கள் மலையின் மறுபக்கத்தில் பிரான் கோட்டையைக் கட்டிக்கொள்ள அங்கேரியின் லாயோஷ் அரசர் இசைவு அளித்தார். பாதையின் இரு முனைகளிலும் அரசுகள் இவ்வளவு அக்கறை காட்டினால், அதில் எவ்வளவு சரக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வடக்கிலிருந்து துணி, கத்தி, இரும்புக் கருவிகள். தெற்கிலிருந்து மெழுகு, தோல், கால்நடை, தன்யூப் மீன். இவற்றோடு துருக்கிய நாடு வழியாக வந்த கீழ்த்திசைச் சரக்குகள். பிரஷோவ் நகரின் 1503ஆம் ஆண்டுச் சுங்கக் கணக்கில் மிளகு முக்கியமான இடம் பெறுகிறது. நம் மேற்குக் கரை மிளகு கார்பேத்திய மலையேறியிருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஊரை ஆண்டதும் அரசரின் ஆள் அல்லர். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஜூதேட்ஸ் எனப்படும் தலைவரும், பிர்கரி எனப்படும் பன்னிரண்டு உறுப்பினர்களும் ஊர்க் காரியங்களைக் கவனித்தார்கள். பிர்கரி என்ற பெயரே ஜெர்மானியக் குடிகளின் ஏற்பாட்டிலிருந்து வந்தது.

மறுமொழி 3: தூரதேசம்

1521 கடிதத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எழுதியவர் கிம்புலுங் வணிகர் நியாக்ஷு. பெற்றவர் பிரஷோவ் நகரத் தலைவர் ஹான்ஸ் பெங்க்னர். கடிதம் முழுவதும் சிரில்லிக் எழுத்தில் உள்ளது. தொடக்க வாழ்த்தும் முடிவும் அக்கால அலுவலக வழக்கப்படி ஸ்லாவோனிய மொழியில். செய்தி மட்டும் ருமேனிய மொழியில். ஒவ்வொரு புதுச் செய்தியும் "இனி மேலும்" என்ற பொருள் தரும் 'ஈ பாக்' என்னும் ஸ்லாவோனியத் தொடரோடு தொடங்குகிறது.

செய்தியின் சாரம் இது. துருக்கிய சுல்தான் சோஃபியாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார், அது மெய். படை தன்யூப்பின் மேல்முகமாகச் செல்கிறது. நிக்கோபோலிலிருந்து வந்த ஒருவர், கப்பல்கள் ஆற்றில் ஏறிச் செல்வதைத் தம் கண்ணால் கண்டதாகச் சொன்னார். கப்பல்களுக்குத் துணையாக ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஐம்பது ஆட்களை எடுக்கிறார்கள். ஆறு குறுகும் இடத்தில் கப்பல்களைக் கடத்தக் கான்ஸ்டாண்டினோப்பிளிலிருந்து தேர்ந்த ஆட்கள் வந்திருக்கிறார்கள். துருக்கியத் தலைவர் மெஹ்மெத் பேயும் எச்சரிக்கையோடு கவனிக்கப்பட வேண்டியவர். இவற்றை உமக்குள் வைத்துக்கொள்ளும், பலருக்குத் தெரிய வேண்டாம்.

கடிதத்தில் தேதி இல்லை. சுல்தான் சுலைமானின் படை சோஃபியாவை விட்டுக் கிளம்பிய செய்தியைக் கொண்டே அது 1521 ஜூன் இறுதியில் எழுதப்பட்டது என்று கணித்திருக்கிறார்கள். படை சென்றது பெல்கிரேடுக்கு; அந்த ஆகஸ்ட் முடிவதற்குள் கோட்டை விழுந்துவிட்டது. ஆக, நியாக்ஷுவின் செய்தி பிழையற்றது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இக்கடிதம் இவ்வூரிலிருந்து வந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. தெற்கே சரக்கு வாங்கப் போகிறவர்களிடமிருந்து செய்தி கேட்டு, வடக்கே சரக்கு விற்கும் நண்பருக்குச் சொல்வது வணிகரின் அன்றாட வேலை. கிம்புலுங் வணிகருக்கு அது இருந்த இடத்திலேயே அமைந்த வசதி. எழுதிய கையும் பழகிய கை, தடுமாற்றம் தெரியவில்லை. ருமேனிய மொழியில் எழுதும் வழக்கம் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்று பல அறிஞர்கள் வாதிடுவது இதனால்தான். மற்றக் கடிதங்கள் அழிந்தன. இது பிழைத்தது, ஏனென்றால் பிரஷோவ் நகரத்தார் தங்கள் காகிதங்களைப் பேணினார்கள். அங்கே ஆவணக் காப்பாளராக இருந்த ஃப்ரீத்ரிஷ் ஷ்டெனர் 1894இல் இதைக் கண்டெடுத்தார்.

திருமாறன் மீண்டும்

மூவருக்கும் மிக்க நன்றி. நியாக்ஷுவின் காலத்திலேயே ஊரின் வணிகர் ருமேனியர் என்றால், அந்தச் சாக்சன்கள் என்ன ஆனார்கள்? அடுத்த வேனிலில் அங்கே செல்லும் வாய்ப்பு இருப்பதால், இன்று காணத்தக்கது எது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 4: மலைவழி

அவர்களை யாரும் விரட்டவில்லை. மெல்ல மெல்லக் கரைந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் டிரான்சில்வேனியச் சாக்சன்கள் லூத்தரின் நெறிக்கு மாறியபோது, மலைக்கு இப்பாலிருந்த சிறு கத்தோலிக்கக் குழு தன் தாயகத்தோடு இருந்த சமயப் பிணைப்பையும் இழந்தது. 17ஆம் நூற்றாண்டில் எஞ்சியிருந்தது ஒரு சிறு கூட்டமே. பரட்சியா ஆலயம் மட்டும் இன்றும் நிற்கிறது. முதலில் அங்கே செல்லுங்கள்.

அடுத்தது நெக்ரு வோடா மடம். பெயர் கதையிலிருந்து வந்தது. இடம் பசராப்பின் அரச ஆலயத்துக்கு உரியது. பழைய ஆலயம் 1628இல் நிலநடுக்கத்தில் விழுந்தது. வலாக்கிய அரசர் மத்தேய் பசராப் அதை மீண்டும் எழுப்பியதோடு, 1635இல் ஊரில் ஓர் அச்சகத்தையும் நிறுவச் செய்தார். இப்போது காணும் ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்தது. ஆகவே பழமையைக் கட்டடத்தில் தேடினால் ஏமாறுவீர்கள், நிக்கோலாய் அலெக்சாந்துருவின் கல்லறைக் கல்லைப் பாருங்கள்.

பிரஷோவ் செல்லும் சாலையில் மத்தேயாஷ் குன்றின் மேல், 1916 போரில் இறந்தவர்களுக்கான நினைவு மண்டபம் இருக்கிறது. மலைக் கணவாய் வழியாக வந்த ஜெர்மானிய, ஆஸ்திரிய–அங்கேரியப் படைகளை ருமேனியர்கள் அங்கே வாரக்கணக்கில் தடுத்து நிறுத்தினர். வணிகரைக் கொண்டுவந்த பாதைதான் படையையும் கொண்டுவந்தது.

கணிதவியலாளரும் கவிஞருமான இயோன் பார்பு 1895இல் பிறந்தது இவ்வூரில்; மெய்யியலாளர் கொன்ஸ்தந்தீன் நொய்கா 1949 முதல் 1958 வரை கட்டாயக் குடியிருப்பில் வைக்கப்பட்டதும் இங்கேதான். 1957 முதல் இங்கே மலைச் சாலைக்கேற்ற வண்டிகள் செய்த ஆரோ தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது. பழைய ஆரோ வண்டிகளைத் தெருவில் காணலாம்.

நியாக்ஷுவின் கடிதத்தை மட்டும் கிம்புலுங்கில் தேடாதீர்கள். அது போய்ச் சேர்ந்த ஊரிலேயே, பிரஷோவ் ஆவணக் காப்பகத்தில், இருக்கிறது. பிரான், ருக்கர் வழியாகச் சாலைப் பயணத்தில் இரண்டு ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். பிரஷோவிலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வந்தால் பாதையின் அருமை நன்கு புலப்படும்.