மல்தீனி கோல் 12.15க்கா, 12.45க்கா?

ஆன்பீல்ட் அண்ணை:
நேற்று இங்கே பாலையூற்று ரெட் என்ற தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. "எங்கள் லிவர்பூலும் மிலானும் மோதிய 2005 இஸ்தான்புல் சம்பியன்ஸ் லீக் இறுதியைத் திருகோணமலையில் முதல் நிமிடத்திலிருந்து பார்த்தவன் நான். இரவு 12.15க்குத் தொடங்கியது. மிலானின் மல்தீனி முதல் கோலை அடித்தபோது தேத்தண்ணி கையில் இருந்தது. மைதானத்துக்குப் போகிறவனும் நானும் ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறார். ஒன்றா? லிவர்பூலின் இறுதிப் போட்டிகளுக்கு நான் 2019இல் மட்ரிட் போனேன், 2022இல் பாரிஸ் போனேன். பாரிஸில் போட்டி 36 நிமிடம் பிந்தித் தொடங்கியது உங்களுக்கு ரீவியில் ஒரு வரி. நான் அந்த நேரம் முழுவதும் வாயிலில் நெஞ்சு நசுங்க, டிக்கெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றேன். கண்ணீர்ப்புகை வந்தது. பக்கத்தில் நின்ற வயதான வெள்ளைக்காரர் தன் கழுத்துத் துணியைத் தண்ணீரில் நனைத்து என் கண்ணில் ஒற்றினார், அவர் பெயர்கூடத் தெரியாது. சரி, அது கிடக்கட்டும். 2005 மே 25 போட்டி இலங்கையில் தொடங்கியது 12.45க்கு. 12.15 என்கிறவர் அதைப் பார்க்கவே இல்லை.

பாலையூற்று ரெட்:
அண்ணை, நான் எழுதியது ரசிகன் என்றால் யார் என்பது பற்றி. நீங்கள் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். லண்டனில் 7.45, எங்களுக்கும் லண்டனுக்கும் கோடையில் நாலரை மணி வித்தியாசம். கூட்டிப் பாருங்கள், 12.15.

ஆன்பீல்ட் அண்ணை:
அகப்பட்டாய் தம்பி! அந்த நாலரை மணி இன்றைய கணக்கு. 1996இல் கரண்டை மிச்சம் பிடிக்க நேரத்தை முன்னுக்குத் தள்ளினார்கள், முதலில் ஒரு மணி, பிறகு அதில் அரை மணியைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி வந்தது. 2005இல் வித்தியாசம் 5 மணி. 7.45 கூட்டல் 5 எத்தனை? நீ போட்டி நேரத்தை இணையத்தில் எடுத்து இன்றைய கணக்கில் கூட்டியிருக்கிறாய். பார்த்தவன் வாயில் 12.45 தானாக வரும்.

மூதூர் மைந்தன்:
இது நல்லாயிருக்கிறது 😂

பாலையூற்று ரெட்:
எங்கள் வீட்டில் அம்மம்மா புதிய நேரத்தை ஏற்றுக்கொண்டதே இல்லை. சுவர் மணிக்கூடு கடைசிவரை பழைய நேரத்தில்தான் ஓடியது, ராகுகாலம் பிழைத்துவிடும் என்பார். பள்ளிக்கூடத்துக்குப் புதிய நேரம், வீட்டுக்குப் பழைய நேரம். அந்த மணிக்கூட்டில் 12.15. ஆகவே 12.15.

ஆன்பீல்ட் அண்ணை:
நேற்று நண்பன் வீட்டில் டிஷ்ஷில் பார்த்தேன் என்று எழுதினாய். இன்றைக்கு அம்மம்மாவின் மணிக்கூடு. நண்பன் வீட்டுக்கு அம்மம்மா சுவரையும் தூக்கிக்கொண்டு வந்தாரோ? அதுவும் அந்த மே மாதம் பஸ் நிலையத்தடிப் புத்தர் சிலைப் பிரச்சினையில் ஊர் ஹர்த்தாலில் கிடந்தது. நடு இரவில் பாலையூற்றிலிருந்து உட்துறைமுக வீதிக்கு எவன் போனான்?

பாலையூற்று ரெட்:
பின்னேரமே போய்ப் படுத்துவிட்டேன். கையில் கட்டியிருந்த கைக்கடிகாரமும் வீட்டு நேரத்தில்தான் இருந்தது, போதுமா? நண்பனின் அப்பா அடுத்த அறையில் நித்திரை, அதனால் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பார்த்தோம். மிலான் 3-0 என்று முன்னுக்குப் போனதும் நண்பன் நிறுத்துவோம் என்றான். பிறகு எங்கள் ஜெரார்ட் தலையால் போட்டார், ஸ்மிச்சர் தூரத்திலிருந்து அடித்தார், அலோன்சோவின் பெனல்டியை மிலான் கோலி டிடா தடுத்தும் திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே தள்ளினார். 6 நிமிடத்தில் 3. நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தினேன். அந்தத் தலையணை உறையில் பல் அடையாளம் இருந்தது என்று நண்பனின் அம்மா இன்னும் சொல்வார். பார்க்காதவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஆன்பீல்ட் அண்ணை:
நீ சொன்ன கோல்கள் எல்லாம் இரண்டாம் பாதி. யூடியூப்பில் எவனும் பார்க்கலாம். மல்தீனி கோல் எத்தனை மணிக்கு? 12.45 கழிந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஓல்ட் டிரஃபர்ட் ஓட்டோ:
இதில் அண்ணை சொல்வதுதான் சரி. 1999 மே 26 இறுதியில் பயர்னுக்கு எதிராக எங்கள் மன்செஸ்டர் யுனைட்டட்டின் ஷெரிங்ஹாம், சோல்ஷயர் இரண்டு பேரும் கடைசியில் அடித்த போட்டியை நான் பார்த்தேன், அதுவும் 12.45தான். நாங்கள் மூன்று கோல் வாங்கிவிட்டுப் பெனல்டிவரை போய்த் தொங்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆன்பீல்ட் அண்ணை:
யுனைட்டட்காரர் சாட்சி எனக்குத் தேவையில்லை. உங்கள் ஆட்கள் கடைசியாக எப்போது அந்தக் கிண்ணத்தைத் தொட்டார்கள்? 2008. அப்போது பிறந்த பிள்ளைக்கே மீசை முளைத்திருக்கும்.

டச்பே கோலி:
நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களில் யார் கடைசியாக எங்கள் ஊர் ஏகாம்பரம் மைதானத்தில் நின்று ஒரு மட்ச் பார்த்தீர்கள்? எங்கள் கழகம் யாழ்ப்பாணம் துரையப்பா அரங்குக்கு இறுதிப் போட்டிக்குப் போனபோது வான் வண்டியில் 14 பேர் ஏறினோம். ஹொரவப்பொத்தானை தாண்டியதும் ரயர் போனது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம், கோலி நானும் தள்ளினேன், போட்டிக்கு முன்னால் கோலியின் முதுகு போனால் என்ன ஆகும் என்று எவனும் யோசிக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குக் கைதட்ட 5 பேர். மட்ரிட் போகிறவர்கள் வவுனியா வழியாகவும் ஒரு தடவை வரலாம்.

மூதூர் மைந்தன்:
கோலி, அந்த வான் காசு இன்னும் தரவில்லை என்று என்னைத்தானே குத்துகிறாய்?

டச்பே கோலி:
நான் பெயர் சொல்லவில்லை. நீயாக எழுந்து நிற்கிறாய்.

மூதூர் மைந்தன்:
நான் பாதி வழியில் இறங்கினேன். பாதிக் காசுதான் வரும்.

டச்பே கோலி:
நீ இறங்கியது திரும்பி வரும்போது! அதுவும் தோற்ற கோபத்தில். கொத்துரொட்டி முழுதாகச் சாப்பிட்ட பிறகு.

பாலையூற்று ரெட்:
கோலி அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆன்பீல்ட் அண்ணையிடம் எனக்கும் ஒரு கேள்வி. மட்ரிட் போனீர்கள், பாரிஸ் போனீர்கள். 2005 மே 25 இரவு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் மச்சான் முறையான ஒருவர் என்னிடம் சொன்னார், அந்த நேரம் நீங்கள் பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்று வானொலியில் கேட்டீர்களாம். நான் படமாவது பார்த்தேன்.

ஆன்பீல்ட் அண்ணை:
வேலை செய்வது குற்றமா? 2005இல் எனக்கு விசா நிலைமை வேறு, பயணம் போகிற நிலை இல்லை, வீட்டுக்குக் காசு அனுப்பவேண்டும், சுனாமி போய் 5 மாதம்தான். வந்த வாடிக்கையாளரிடம் மீதிக் காசைக் கூடக் கொடுத்துவிட்டேன், எங்கள் கோலி டுடெக் கூடுதல் நேரத்தில் மிலானின் ஷெவ்சென்கோவை இரண்டு தரம் மறித்தபோது. ஆனால் நான் கேட்டது லண்டன் நேரம் 7.45க்குத் தொடங்கியதை. அதே நொடியில் இலங்கையில் 12.45. இதை எத்தனை தரம் எழுதுவது? வானொலியும் ரீவியும் வேறு என்றால் ரீவியும் மைதானமும் வேறுதானே, அதைத்தான் நான் முதலில் சொன்னேன், நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

பாலையூற்று ரெட்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஓல்ட் டிரஃபர்ட் ஓட்டோ:
புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலும் சம்பூரிலும் அப்போதும் பழைய நேரம்தான். தம்பி அங்கே இருந்து பார்த்திருந்தால் 12.15 சரி.

மூதூர் மைந்தன்:
சம்பூரைப் பற்றிச் சம்பூருக்குப் போகாத ஓட்டோக்காரர் சொல்லவேண்டாம்.

ஆன்பீல்ட் அண்ணை:
பாலையூற்று சம்பூர் இல்லை. ஓகஸ்டில் ஊருக்கு வருகிறேன். நூலகத்தில் 2005 மே 25 பத்திரிகையை எடுத்து, ரீவி நிகழ்ச்சிப் பக்கத்தைப் படம் பிடித்து இங்கேயே போடுகிறேன். 12.45 என்று அச்சில் இருக்கும். அதற்குப் பிறகும் அம்மம்மாவைக் கூப்பிடுகிறவர் கூப்பிடட்டும்.

பாலையூற்று ரெட்:
அம்மம்மா 2011இல் போய்விட்டார். மணிக்கூடு என்னிடம்தான் இருக்கிறது, வந்து பாருங்கள். 12.15.

டச்பே கோலி:
சனிக்கிழமை ஏகாம்பரத்தில் அரையிறுதி, பின்னேரம் 3.30. மூதூர் மைந்தன், நீ வருவதென்றால் காசோடு வா.