மீட்டர் இல்லாமல் பழைய வேக்குவம் பம்பைச் சோதிப்பது எப்படி?

காரைக்குடி_கூலிங்:
காரைக்குடியில ஏசி, ஃப்ரிட்ஜ் வேலை பாக்குறேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியா மாத்துறதால ஸ்ப்ளிட் வேலை நிறைய வருது. பழைய சாமான் கடையில ஒரு டபுள் ஸ்டேஜ் (ரெண்டு கட்டமா இழுக்குற) வேக்குவம் பம்ப் 4,500 சொல்றாங்க. கேஸ் ஏத்துறதுக்கு முன்னாடி ஏசி லைன்ல இருக்குற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கத்தான். மோட்டார் ஓடுது. வாய்ல கட்டைவிரலை வச்சா கவ்வுது, எடுத்தா வட்டமா செவந்திருக்கு. உள்ள எவ்வளவு அழுத்தம் மிச்சம் இருக்குன்னு அளக்குற மைக்ரான் மீட்டர் இல்ல. ரெண்டு நாள் வீட்ல வச்சுப் பாருன்னு குடுத்திருக்கார். எப்படிப் பாக்குறது?

மாடிவீடு:
மொட்டை மாடியில பம்பை வச்சு, டியூபைக் கீழ வாளித் தண்ணியில விடுங்க. எவ்வளவு ஏறுதுன்னு அளந்துடலாம்.

பழைய_ஸ்பேனர்:
தம்பி, மாடி யோசனை வேணாம். நல்ல பம்பா இருந்தா தண்ணி 32 அடி வரைக்கும் ஏறும். உங்க மாடி அவ்வளவு ஒசரம் இல்லேன்னா நேரா பம்புக்குள்ள போயிடும்.

விரலையும் நம்பாதீங்க. காத்தழுத்தம் பாதரசக் கணக்குல 760 மில்லிமீட்டர். பம்ப் அதுல 50 மிச்சம் வச்சாலும் அரை மிச்சம் வச்சாலும் விரலுக்குத் தெரியுற இழுவையில 7 சதவீதம்கூட வித்தியாசம் இல்ல. ஏசி லைனுக்கு நமக்கு வேண்டியது அந்த அரை, அதாவது 500 மைக்ரான்.

முதல்ல ஆயிலைப் பாருங்க. மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கு. வடிச்சுட்டுப் புது வேக்குவம் பம்ப் ஆயில் ஊத்தி, பத்து நிமிஷம் சூடேத்தி, வாயை அடைச்சுக் காது குடுங்க. கொளகொளன்னு கத்துறது கொஞ்ச நேரத்துல அடங்கி, வறண்ட டக் டக் சத்தம் மட்டும் வரணும். அடைச்ச பிறகும் பின்னாடி புகை விடாம வந்தா எங்கயோ காத்து வாங்குது.

அப்புறம் தடிமனான கண்ணாடி சோடா பாட்டில்ல ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு, பம்போட டியூபை அதுல காத்துப் போகாம மாட்டி ஓட்டுங்க. பாட்டிலைத் துணியில சுத்திக்கங்க, ஒடைஞ்சா கண்ணு போயிடும். 30 டிகிரி தண்ணி 32 மில்லிமீட்டர்லயே கொதிக்கும், அதைப் பாத்துட்டு விலை பேசிடாதீங்க. கொதிச்சுக் கொதிச்சு அந்தத் தண்ணி உறையணும். உறைஞ்சா அழுத்தம் நாலரை மில்லிமீட்டருக்குப் பக்கத்துல போயிருக்கு. வீட்ல இதுக்கு மேல பாக்க முடியாது, 500 மைக்ரானுக்கு மீட்டர்தான். ஆவி பூரா ஆயில்ல கலந்திருக்கும், முடிச்சதும் சூடா இருக்கும்போதே மாத்திடுங்க.

காரைக்குடி_கூலிங்:
அண்ணே, பாத்துட்டேன். ஆயில் மோரேதான். பழசோட தண்ணி கொதிச்சதோட சரி, சத்தமும் அடங்கல. புது ஆயில் ரெண்டு தடவை ஊத்தி ஓட்டினதும் டக் டக் வந்துச்சு. ஏழாவது நிமிஷம் தண்ணி ஒரு துள்ளு துள்ளி, பாட்டில் அடியில வெள்ளையா ஒட்டிக்கிச்சு. ஆச்சி தொட்டுப் பாத்துட்டு, ‘இத்தனூண்டு ஐஸுக்கா நாலாயிரத்தஞ்நூறு’ங்குது. ஆயில் காசைக் கழிச்சுக் கேக்கலாம்னு இருக்கேன்.

பழைய_ஸ்பேனர்:
3,500-ல ஆரம்பிங்க. மோர் ஆயிலை ஒரு பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க.