பழைய 240 உழவு இயந்திரத்துக்குக் கொழும்பில் முதலில் எந்தக் கருவிகளை வாங்குவது?

கேள்வி: வெள்ளவத்தைவாசி

வணக்கம். பரந்தனில் உள்ள எங்கள் குடும்பத்து நெல்வயலை இதுவரை வாடகை இயந்திரத்தைக் கொண்டே உழுதுவந்தோம். இப்போது பாவித்த மெஸி பெர்குசன் 240 ஒன்றையும், வேறோர் இடத்திலிருந்து, அதன் பின்னால் பூட்டி மண்ணைச் சுழன்று கொத்தும் ரொட்டவேற்றர் ஒன்றையும் வாங்கியுள்ளோம். இயந்திரத்தை ஓட்டுபவர் அங்கிருக்கும் என் மைத்துனர். சாமான்களைத் தேடி வாங்கி அனுப்புவது கொழும்பில் வேலை பார்க்கும் என்னுடைய பொறுப்பு. காலபோக உழவு தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் அனுப்பிவிட விரும்புகிறேன்.

இயந்திரத்துடன் கருவிப் பெட்டி எதுவும் வரவில்லை. வீட்டில் இருந்த மில்லிமீற்றர் ஸ்பானர்களைக் கொண்டு மைத்துனர் முயன்றபோது, சில நட்டுகளில் 13 பிடித்தும் பிடிக்காமலும் ஆடுகிறது என்றும், வேறு சிலவற்றில் 14 ஏற மறுக்க, 15 வழுக்குகிறது என்றும் சொல்கிறார். அதைவிட, ரொட்டவேற்றரைக் கொளுவித் தூக்கும்போது அது இரு பக்கமும் அசைந்து, அதைத் தாங்கித் தூக்கும் இயந்திரத்தின் கீழ்க் கைகளில் மோதிச் சத்தமிடுகிறது. இது இயந்திரத்தின் பழுதா, அல்லது ஏதாவது பாகம் குறைகிறதா? பழைய சோனகர் தெருவில் ஒரு பெரிய கருவித் தொகுதியைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கினால் போதுமா?

பதில்: மருதானை மெக்கானிக்

தம்பி, அந்தப் பெரிய தொகுதியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். அப்படிப்பட்ட பெட்டிகளில் உங்களுக்கு ஒருபோதும் தேவைப்படாத சிறிய சொக்கட்டுகளே பாதி இருக்கும்; உழவு இயந்திரத்துக்கு அன்றாடம் வேண்டிய பெரிய அளவுகள் இருக்காது.

நீங்கள் சொல்லும் ஸ்பானர் பிரச்சினைக்குக் காரணம் தெளிவானது. 240 பிரித்தானிய வடிவமைப்பில் வந்த இயந்திரம். அதன் பழைய பேர்கின்ஸ் எஞ்சினிலும் உடலிலும் உள்ள நட்டுகளில் பெரும்பாலானவை அங்குல அளவைச் சேர்ந்தவை. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், அதனால்தான் 13 ஆடுகிறது. 9/16 அங்குலம் என்பது 14.3 மில்லிமீற்றர், அதற்கு 14 ஏறாது, 15 முனைகளைத் தேய்த்து நட்டை உருண்டையாக்கிவிடும். 3/4 அங்குலத்துக்கு 19 ஏறக்குறையச் சரியாகப் பொருந்துவதால், எல்லாம் மில்லிமீற்றர்தான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ஆகவே 7/16 முதல் 15/16 வரையான அங்குல ஸ்பானர் வரிசை ஒன்றை, ஒரு முனை திறந்ததாகவும் மறுமுனை வளையமாகவும் உள்ள வகையில் வாங்குங்கள். உங்கள் ரொட்டவேற்றரில் மில்லிமீற்றர் நட்டுகள் இருக்கக்கூடும் என்பதால் வீட்டில் உள்ள தொகுதியையும் எறிந்துவிடாதீர்கள். எஞ்சினுக்கு 5/16, 3/8 ஆகிய சிறிய அளவுகளும் வேண்டும். அவற்றின் அருமை டீசல் தாங்கி வற்றி, குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றச் சிறிய திருகுகளைத் தளர்த்த வேண்டிய நாளில்தான் தெரியும்.

ரொட்டவேற்றர் அசைவதற்கு இயந்திரத்தின் பழுது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இரு கீழ்க் கைகளும் ஒரு மேற்கையும் கருவியைப் பிடிக்கும் மூன்று புள்ளி இணைப்பில், இந்த அளவு இயந்திரங்களுக்கு இரண்டு அளவுகள் வழக்கில் உள்ளன. முதலாம் வகையில் கீழ்ப் பின்னின் தடிப்பு 22 மில்லிமீற்றர், மேற்பின் 19. இரண்டாம் வகையில் கீழ்ப் பின் 28, மேற்பின் 25. இயந்திரத்தையும் ரொட்டவேற்றரையும் வெவ்வேறு இடங்களில் வாங்கியதாகச் சொல்கிறீர்கள். ரொட்டவேற்றரின் பின் ஒரு வகை, கீழ்க் கையின் நுனியில் உள்ள குண்டின் துளை இன்னொரு வகை என்றுதான் நினைக்கிறேன். முதலில் ஒரு வேணியர் இடுக்கிமானி வாங்கி மைத்துனருக்கு அனுப்புங்கள். உயர்தரப் பௌதிகவியல் செய்முறையில் நாம் கையாண்ட அதே கருவிதான். நீங்கள் வாங்கப்போகும் மற்ற எல்லாப் பொருளின் விலையையும் அது காப்பாற்றித் தரும். கொழும்பில் இருந்துகொண்டு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள இயந்திரத்துக்குப் பாகம் வாங்குபவருக்கு, தொலைபேசியில் வரும் "பெரியது", "சிறியது" என்ற சொற்கள் உதவாது.

கேள்வி கேட்டவர்: வெள்ளவத்தைவாசி

மிக்க நன்றி ஐயா. இடுக்கிமானி போய்ச் சேர்ந்து, மைத்துனர் அளந்து அனுப்பியுள்ளார். ரொட்டவேற்றரின் கீழ்ப் பின்கள் இரண்டும் 22க்குச் சற்றுக் குறைவு. கீழ்க் கைகளின் குண்டுத் துளைகள் 28க்குச் சற்றுக் கூடுதல். மேற்பின் சரியாகப் பொருந்துகிறது. பின்னைச் சுற்றித் தகடு வளைத்து இடைவெளியை நிரப்பலாம் என்று அயலில் ஒருவர் சொன்னாராம். அது சரிவருமா? இன்னொன்று, ரொட்டவேற்றரை உயர்த்தும்போது, அதைச் சுழற்றும் தண்டிலிருந்தும் ஒரு முட்டும் சத்தம் கேட்கிறது என்கிறார்.

பதில்: மருதானை மெக்கானிக்

தகடு வேண்டாம். அது ஒரு நாள் உழவிலேயே நசிந்து வெளியே வந்துவிடும். பிறகு குண்டின் துளையும் தேயத் தொடங்கும். இதற்கென்றே உட்துளை 22, வெளித்தடிப்பு 28 ஆக உள்ள புஷ் என்னும் குழாய்த் துண்டு கிடைக்கிறது. பஞ்சிகாவத்தையில் உழவு இயந்திரப் பாகம் விற்கும் கடைகளில், முதலாம் வகைப் பின்னை இரண்டாம் வகைக் குண்டுக்குப் பொருத்தும் புஷ் என்று கேளுங்கள்; அளவுகளைத் தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். இரண்டு போதும், ஆனால் சேற்றில் விழுந்தால் தேடி எடுக்க முடியாத பொருள் என்பதால் நான்காக வாங்குவது நல்லது. அவற்றுடன், கீழ்க் கை கழன்றுவிடாமல் பின்னின் நுனித் துளையில் போடும், வளையம் வைத்த லிஞ்ச் பின்களை ஒரு கை நிறைய வாங்கிவிடுங்கள். அந்த இடத்தில் ஆணியையோ கம்பியையோ வளைத்துப் போடும் பழக்கம் எங்கும் உண்டு. ஓடும் இயந்திரத்தின் ஒரு பக்கக் கை கழன்றால் ரொட்டவேற்றர் திரும்பிச் சில்லில் மோதும்.

தண்டின் சத்தத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். எஞ்சினின் சுழற்சியை ரொட்டவேற்றருக்குக் கொண்டுபோகும் இந்த பி.ரி.ஓ. தண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய்களால் ஆனது. ரொட்டவேற்றர் ஏறி இறங்கும்போது தண்டின் நீளம் கூடிக் குறையும். வேறோர் இயந்திரத்துக்கு அளவாக இருந்த தண்டு உங்களுடையதற்கு நீளமாக இருந்தால், மிகக் குறுகும் நிலையில் உட்குழாய் அடியில் முட்டும்; அந்த விசை கியர் பெட்டியின் பெயாரிங்குகளுக்கே போகும். எஞ்சினை நிறுத்தி, ரொட்டவேற்றரை மெதுவாக ஏற்றி இறக்கி, இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் எந்த உயரத்தில் மிகக் குறைகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் 25 மில்லிமீற்றர் அளவாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். மிக நீளும் நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். வெட்டத்தான் வேண்டும் என்றால் உட்குழாய், வெளிக்குழாய், இரண்டின் பிளாஸ்ரிக் உறைகள் ஆகிய நான்கையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, கிரீஸ் பூசிச் சேர்க்க வேண்டும். ஆகவே இரும்பறுக்கும் வாளும் தட்டை அரமும் உங்கள் பட்டியலில் சேர்கின்றன. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்ட மட்டும் அனுமதிக்காதீர்கள். நிமிடத்துக்கு 540 தடவை சுழலும் தண்டில் சாரத்தின் நுனி சிக்கினால், கையை எடுத்துக்கொள்ள நேரம் இருக்காது.

பதில்: பரந்தன் கமக்காரர்

மெக்கானிக் அண்ணா சொன்னவற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் அவர் பட்டறைக் கண்ணால் பார்க்கிறார். எங்கள் பக்கத்துச் சேற்று வயலில், ஸ்பானரைவிட முதலில் கைக்கு வருவது கிரீஸ் கன்தான். நெம்புகோல் வகையில், நுனியில் வளையக்கூடிய குழாய் உள்ளதாக வாங்குங்கள். சேற்றில் உழுத நாளெல்லாம் மாலையில் முன் அச்சின் நடுப் பின், முன் சில்லுகளின் திருப்பும் பின்கள், பி.ரி.ஓ. தண்டின் மூட்டுகள் ஆகியவற்றுக்குப் பழைய கிரீஸும் சேற்று நீரும் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் கிரீஸ் ஏறும் வாயான நிப்பிளைத் துடைக்காவிட்டால், மண்ணை நீங்களே உள்ளே தள்ளுகிறீர்கள்.

ஜக் வாங்குவதானால் 10 தொன் போத்தல் ஜக் வாங்குங்கள். கூடவே ஒரு தடித்த பலகைத் துண்டும், சில்லுக்கு அணை வைக்க இரண்டு மரக்கட்டைகளும் எப்போதும் இயந்திரத்தில் இருக்கட்டும். எங்கள் மண்ணில் பலகை இல்லாத ஜக் இயந்திரத்தைத் தூக்காது, தானே கீழே போகும். தூக்கியபின் ஜக்கை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கக் கூடாது. ரொட்டவேற்றருக்கு, சுமை மிஞ்சும்போது கியரைக் காக்கத் தானே உடையும் ஷியர் போல்ட் இருந்தால், கையேட்டில் சொல்லியுள்ள தரத்திலேயே மேலதிகமாகச் சில வாங்குங்கள். அடிக்கடி உடைகிறது என்று உறுதியான போல்ட்டைப் போட்டால், அடுத்த முறை உடைவது கியராக இருக்கும்.

இழுவைச் சங்கிலி பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். இயந்திரம் புதைந்தால் பின் சில்லுக்கு முன்னால் மரக்குற்றியைச் சங்கிலியால் சில்லோடு கட்டி முன்னே ஓட்டுவது இங்கே பலருக்குக் கை வந்த வேலை. அது மிகவும் ஆபத்தானது. சில்லு சுற்ற முடியாமல் நின்றால், எஞ்சினின் விசை முழு இயந்திரத்தையும் அச்சைச் சுற்றிப் பின்பக்கமாகக் கவிழ்க்கும். ஓட்டுநர் கிளச்சை மிதிப்பதற்குள் அது முடிந்துவிடும். முதலில் ரொட்டவேற்றரைக் கழற்றி, சேற்றை மண்வெட்டியால் வெட்டி, பின்னோக்கி எடுக்கப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னொரு இயந்திரத்தை அழைத்து இழுக்கச் செய்யுங்கள். இழுக்கும் இயந்திரத்தில் சங்கிலியை அச்சுக்குக் கீழே உள்ள இழுவைப் பட்டையிலேயே கொளுவ வேண்டும். மேற்கை (டொப் லிங்க்) இருக்கும் இடத்திலோ அச்சிலோ கட்டினால் அந்த இயந்திரமும் நிமிர்ந்துவிடும். சங்கிலி வாங்கும்போது கடைக்காரரிடம் தடிப்பை மட்டும் கேட்காமல், எவ்வளவு சுமைக்கு உரியது என்றும் கேளுங்கள். வேலிக்கும் வாயிற்கதவுக்கும் விற்கும் சங்கிலி இதற்கு ஆகாது.

கேள்வி கேட்டவர்: வெள்ளவத்தைவாசி

புஷ்களும் லிஞ்ச் பின்களும் பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. அங்குல ஸ்பானர்களையும் கிரீஸ் கன்னையும் பழைய சோனகர் தெருவில் வாங்கினேன். புஷ் போட்டபின் கீழ்க் கைகளின் ஆட்டம் நின்றுவிட்டது. தண்டை அளந்ததில், மிகக் குறுகும் நிலையில் இடைவெளியே இல்லை என்று தெரிந்தது; வெட்டுவதற்கு வாளும் அரமும் அனுப்புகிறேன். ஒரு கடைசிச் சந்தேகம்: இயந்திரத்தை வீதியிலும் ஓட்ட வேண்டியிருக்கிறது. அதற்குத் தனியாக எதையாவது வாங்க வேண்டுமா?

பதில்: பரந்தன் கமக்காரர்

பின் விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். இழுவைப் பெட்டி (ட்ரெய்லர்) இழுப்பதாக இருந்தால் அதன் பின்பக்கம் ஒளி தெறிக்கும் தகடுகளை ஒட்டுங்கள். இரவில் ஏ9 வீதியில் மெதுவாகப் போகும் உழவு இயந்திரம் பின்னால் வருபவருக்குக் கடைசி நொடியில்தான் தெரியும். உலர் தூள் தீயணைப்பான் ஒன்றும் வாங்கிப் பொருத்துங்கள். ஆனால் வாங்கவே தேவையில்லாத ஒன்று உண்டு: இடது, வலது பிரேக் மிதிகள் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொளுக்கி. வயலில் திரும்புவதற்காக அதைக் கழற்றிவிட்டு, அப்படியே வீதிக்கு வந்து ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் இயந்திரம் ஒரு பக்கமாகச் சுழன்றுவிடும். வயலிலிருந்து ஏறும் இடத்திலேயே அதைப் பூட்டிவிட மைத்துனரிடம் சொல்லுங்கள். அந்தக் கொளுக்கி தேய்ந்திருந்தால் அதன் அளவையும் எடுத்து அனுப்பச் சொல்லிப் பஞ்சிகாவத்தையிலேயே வாங்கலாம்.