பிச்சாவரம் மரங்களை உப்பு ஏன் கொல்வதில்லை?

தோப்புக்காரன்:
கிள்ளை பக்கம் எங்களுக்கு ஒரு சின்னத் தோப்பு இருக்கிறது. சில வருடமாகக் கிணற்றில் உப்பு ஏறி, எலுமிச்சை எல்லாம் இலை நுனி கருகி நிற்கிறது. போன வாரம் உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பிச்சாவரம் கண்டல் (அலையாத்தி) காட்டுக்குப் போனேன். அங்கே கடல்தண்ணீரில் நின்றுகொண்டே மரங்கள் பச்சைப்பசேல் என்று இருக்கின்றன! எப்படி? உப்பையெல்லாம் பழுத்த இலையில் சேர்த்து உதிர்த்துவிடும் என்கிறார் படகுக்காரர். உண்மையா?

தாவரவியல் வாத்தியார்:
பழுத்த இலைக் கதையைப் பலரும் சொல்வார்கள். ஆனால் அளந்து பார்த்தவர்களுக்குப் பச்சை இலையைவிடப் பழுத்த இலையில் உப்புச் செறிவு பெரிதாகக் கூடியிருக்கவில்லை. வயதான இலை எந்த மரத்திலும் உதிரத்தானே செய்யும்?

உண்மையான வேலை வேரில் நடக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் 90 சதவீதத்துக்கு மேல் வேரைத் தாண்டாது. வேரின் உள்ளடுக்குச் செல்களைச் சுற்றி சூபரின் என்ற மெழுகுப் பொருள் படிந்திருப்பதால் தண்ணீர் இடுக்கு வழியாக நழுவ முடியாது. செல் சவ்வைக் கடந்துதான் போக வேண்டும், உப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சும்மா வடியாது, பலமாக இழுக்க வேண்டும். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம், அதாவது உப்பு தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்திருக்கும் பலம், காற்றழுத்தத்தைப் போல் சுமார் 25 மடங்கு. அதை மிஞ்சி இலை இழுத்தால்தான் நல்ல தண்ணீர் ஏறும். எலுமிச்சையால் அது ஆகாது.

அப்படியும் கொஞ்சம் உப்பு உள்ளே வரும். அங்கே நிற்கும் கண்டல் மரங்களில் சுரபுன்னைக்கு உப்பை வெளியேற்றும் சுரப்பி கிடையாது, அது பெரும்பாலும் வேரையே நம்புகிறது. வெண்கண்டலுக்கு இலையிலேயே சுரப்பி உண்டு. மழை இல்லாத நாளில் வெயில் ஏறியபின் ஓர் இலையைப் பிடித்துப் பாருங்கள். பொடிப்பொடியாகப் படிகம் மின்னும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். (தில்லை மரத்திடம் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.)

சேற்றுக்கால்:
சார், மூச்சு வேரை விட்டுவிட்டீர்களே! அந்தச் சேற்றில் ஆக்சிஜனே கிடையாது. வெண்கண்டலைச் சுற்றிச் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டாற்போல் நிற்பவை வேர்கள்தான். மேலே உள்ள நுண்துளை வழியாகக் காற்று இறங்கும். கடல் ஏற்றத்தில் அவை மூழ்கிக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறையும், வற்றத்தில் தலை வெளியே வந்ததும் புதுக்காற்றை உறிஞ்சும்.

தோப்புக்காரன்:
அப்போ எவ்வளவு உப்பானாலும் அதற்குக் கவலையில்லையா?

தாவரவியல் வாத்தியார்:
இல்லை, அளவு உண்டு. பிச்சாவரத்திலேயே பார்த்ததுதான். முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் அமிழ்ந்து பள்ளமானது. ஏற்றத்தில் வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்றி வற்றி, கண்டலுக்கே தாங்காத உப்பாகிவிட்டது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வந்துபோக வழி செய்த பிறகுதான் அங்கே மரம் திரும்பியது.

சரி, உங்கள் தோப்புக்கு வருவோம். கிணற்று நீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பு நிஜமாகவே அதிகம் என்றால் எலுமிச்சையை விட்டுவிட்டு சப்போட்டாவோ தென்னையோ வைக்கலாம், இரண்டும் ஓரளவு தாங்கும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காமல் வடிய வாய்க்கால் மட்டும் கட்டாயம் வேண்டும்.