ஸ்கோப் மவுண்ட் உயரம், மாற்று சைட்: பழகியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் ஏஆர்-15 ரைஃபிளுக்கு 1 முதல் 6 மடங்கு ஸ்கோப் வாங்கிவிட்டேன், அதை ரைஃபிளில் பொருத்தும் மவுண்டின் உயரத்தில்தான் குழப்பம். ரைஃபிளின் மேலே உள்ள ரெயிலிலிருந்து ஸ்கோப் குழாயின் மையம் வரை 1.5 இன்ச் என்றால் கன்னம் ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் பின்பகுதி) நன்றாகப் பதிகிறது. படுத்துச் சுட அதுதான் எனக்குப் பிடிக்கிறது. 1.93 இன்ச்சில் நின்று சுடும்போது கழுத்து நோகவில்லை, ஆனால் தாடை மட்டுமே ஒட்டுகிறது. மிக அருகில் உள்ள இலக்கில் குண்டு இன்னும் கீழே படும் என்பதும் யோசிக்க வைக்கிறது. நான் சுடுவது பெரும்பாலும் 100 மீட்டரில், காகித இலக்கில்.

அப்புறம் மாற்று சைட், அதாவது ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்க உதவுவது. மடக்கு சைட் வைத்தால் ஸ்கோப்பைக் கழற்றினால்தான் பயன். 45 டிகிரி சாய்வு சைட்டுக்கு ரைஃபிளைச் சற்றுத் திருப்பினால் போதும், ஆனால் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். சட்டென்று கழற்றும் மவுண்ட் வைத்திருப்பவர்களே, திரும்ப மாட்டும்போது ஜீரோ (குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி செய்த அமைப்பு) நகர்கிறதா?