4294967297: எல்லாவற்றாலும் வகுக்கச் சொல்லலாமா?

தங்கச்சிமடம் டீச்சர்: மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் போட்டேன். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் வருபவை இவை. ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1, அதாவது 4294967297. இதுவும் பகா எண்தான் என்று ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை 1640 வாக்கில் நம்பினார். 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை 1732-இல் காட்டினார். அந்த 641-ஐப் பிள்ளைகளே வகுத்து வகுத்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

கீழக்கரை கணக்கன்: வேண்டாம் டீச்சர். இதன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வரும். அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. பத்து இலக்க எண்ணை அத்தனையாலும் வகுக்கச் சொன்னால் கணக்கையே வெறுத்துவிடுவார்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்: 6542 எதற்கு தம்பி? 641 என்பது 116-ஆவது பகா எண்தான். இருபது பிள்ளைகள் பங்கு போட்டால் ஆளுக்கு ஆறு வகுத்தல்.

கீழக்கரை கணக்கன்: 641-இல் நிறுத்தலாம் என்பது விடை தெரிந்த உங்களுக்குத்தானே தெரியும்? இந்த எண்ணின் எந்தக் காரணியும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். ஆய்லரே பின்னாளில் நிறுவியது இது. அந்த வரிசையில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் விடை. மீன் எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், கிடக்கும் என்று தெரிந்தவர் கடல் முழுக்க வலை விரிப்பாரா?

தங்கச்சிமடம் டீச்சர்: அந்த 64 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே. நம்பிக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஐந்தைப் பார்த்து ஆறாவதை நம்பியதால்தான் ஃபெர்மாவே ஏமாந்தார்.

மண்டபம் மாணவி: நம்பவே வேண்டாம் டீச்சர், காரணம் சின்னதுதான். ஒரு பகா எண் இதை வகுத்தால், அதைக் கொண்டு பார்க்கும்போது 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1, அதாவது மீதியின்றி வகுபட 1 குறைகிறது. வர்க்கப்படுத்தினால் 64-ஆம் அடுக்குக்கு மீதி 1. அதற்கு முன்னால் 1 வராது. வந்திருந்தால் 32-லும் 1-தான் வந்திருக்கும். ஆக, 64 அடுக்குக்கு ஒருமுறைதான் 1 திரும்பி வரும். ஆனால் அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கும் மீதி 1 என்கிறது ஃபெர்மாவின் சிறு தேற்றம். எனவே ஒன்று குறைத்தால் கிடைப்பது 64-இன் மடங்கு. அவர் தேற்றத்தை அவரே இங்கே போட்டிருந்தால் 641 கையில் கிடைத்திருக்கும் என்பதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

கீழக்கரை கணக்கன்: இன்னொன்றும் இருக்கிறது. 641-ஆல் வகுத்தால் வரும் ஈவு 6700417. அது பகா எண்ணா? டீச்சர் வழியில் போனால் 2588 வரை எல்லாப் பகா எண்ணாலும் வகுக்க வேண்டும், முந்நூற்று எழுபதுக்கு மேல். 64 வழியில் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 என்று ஏழுதான் பாக்கி. எதுவும் வகுக்காது, பகா எண் என்று முடிந்துவிடும்.

தங்கச்சிமடம் டீச்சர்: அந்த ஏழை நிச்சயம் போடுவேன். ஆனால் மீதியே கைக்குப் பழகாத பிள்ளைக்கு மீதி −1 என்றால் என்ன விளங்கும்மா? முதலில் 641 வரை வகுக்கட்டும், அப்புறம் உன் நிரூபணம்.

கீழக்கரை கணக்கன்: கை பழக ஐந்து வகுத்தல் போதும் டீச்சர். நிரூபணத்தை முதல் நாளே போடுங்கள்.