மொன்றியல் ஜாஸ் விழா: ஊருக்கு நல்லதா, சின்னக் கிளப்புகளுக்குக் கேடா?

வடலி:
ஜூன் கடைசியில் விழா வருகிறது என்று எல்லோரும் மகிழ்ச்சியோடு எழுதுகிறீர்கள். எனக்கு வரவர அந்தப் பத்து நாளை நினைத்தால் கோபம்தான் வருகிறது. 1980இல் தொடங்கிய விழா, 2004இல் உலகிலேயே பெரிய ஜாஸ் விழா என்று கின்னஸில் ஏறியது, எல்லாம் சரி. அங்கே வரும் அவ்வளவு சனத்தில் எத்தனை பேர் நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில் ஜாஸ் வாசிக்கிற ஒரு சின்னக் கிளப்பில் போய் உட்காருகிறார்கள்? போன வருஷம் நான் போன ஒரு நாள், வாசிக்க நாலு பேர், கேட்க ஏழு பேர். அந்த நாலு பேரும் இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு செட்டையும் முழுசாக வாசித்தார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் வருஷம் முழுக்க இங்கே கிடப்பதால்தான் இது ஜாஸ் ஊர். விழாவோ சனத்தைப் பத்து நாளில் "போதும், கேட்டாச்சு" என்று சொல்ல வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

பார்க்எக்ஸ் ரேவதி:
வடலி அண்ணா, உங்களுக்குக் கிளப் இருக்கிறது. எங்களுக்கு? மூன்று பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு இரவு வேலை. பாரில் 18 வயதுக்குக் கீழே யாரையும் உள்ளே விட மாட்டார்கள், அப்போ இந்தப் பிள்ளைகள் சாக்ஸபோனை எங்கே கேட்பது? விழாவில் மூன்றில் இரண்டு பங்கு நிகழ்ச்சி இலவசம். சோற்றுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு மெற்றோ ஏறி பிளாஸ் டெஸ் ஆர்ட்ஸில் இறங்கினால், கதவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. 2009இல் விழாத் திடலைத் திறந்தபோது ஸ்டீவி வொண்டர் காசில்லாமல் பாடினார், மைக்கல் ஜாக்சன் இறந்து ஐந்தே நாள். அவர் பேரைச் சொன்னதும் அவ்வளவு கூட்டமும் ஒரே மூச்சாக அடங்கியது, மூத்தவன் என் இடுப்பில் இருந்தான். அந்த இரவை எந்தக் கிளப் எங்களுக்குத் தந்திருக்கும்?

வடலி:
தங்கச்சி, அது பெரிய இரவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்டீவி வொண்டர் ஜாஸ் பாடகர் இல்லையே. 2011இல் பாப் பாடகர் பிரின்ஸ் வந்தார், அவரும் ஜாஸ்காரர் இல்லை. பேர் ஜாஸுக்கு, மேடை வேறு ஆட்களுக்கு.

அடையாறு கணேஷ்:
நான் இங்கே வந்து நாலு வருஷம்தான், ஆனாலும் இந்தச் சண்டை எனக்குப் புதிதில்லை. மார்கழியில் சபா வாசலில் இடம் கிடைக்காது, ஆனியில் அதே வித்வானுக்கு முன்னால் பாதி நாற்காலி காலி. அதற்காக மார்கழியையே நிறுத்து என்று யாரும் சொன்னதில்லை. ரேவதி அக்கா சொல்வதுதான் சரி.

ஆனால் எனக்கு வேறு ஒரு குறை உண்டு, இரண்டு பேருமே அதைத் தொடவில்லை. விழா நடப்பது நகரத்தின் நடுவில். இந்த ஊர் ஜாஸ் வளர்ந்தது லிட்டில் பர்கண்டியில். ரயிலில் போர்ட்டர் வேலை பார்த்த கறுப்பினக் குடும்பங்களின் பேட்டை அது. ரூஃபஸ் ராக்ஹெட், அவரும் ஒரு காலத்தில் போர்ட்டர்தான், 1928இல் அங்கே ராக்ஹெட்ஸ் பாரடைஸ் கிளப்பைத் திறந்தார். 1925இல் அந்தப் பேட்டையில் பிறந்தவர் ஜாஸ் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன், அவருடைய அப்பாவும் போர்ட்டர். பீட்டர்சனின் அக்கா டெய்ஸிதான் அவருக்கும் பிற்பாடு இன்னொரு ஜாஸ் பியானோக்காரரான ஆலிவர் ஜோன்ஸுக்கும் பியானோ சொல்லிக்கொடுத்தவர். அப்புறம் வில்-மரி விரைவுச்சாலை வந்தது, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள், சனம் சிதறியது. இன்றைக்கு அங்கே போனால் ஒரு பெரிய சுவரில் பீட்டர்சன் பியானோவோடு இருக்கிறார், 2011இல் வரைந்தது. பக்கத்து லியோனல்-குரூ மெட்ரோ நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி 2020இல் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டும் பெயர் மாறவில்லை. விழாவின் பத்து நாளில் இரண்டு நாளாவது அந்தச் சுவருக்குக் கீழே ஒரு மேடை போட வேண்டும் என்று நான் கேட்பேன்.

வடலி:
தம்பி, இது நல்ல யோசனை. இரண்டு நாளோடு நிறுத்தாமல் வருஷம் முழுக்க ஏதாவது அங்கே நடக்க வேண்டும்.

லசால் சுகந்தி:
என் மகள் டபுள் பேஸ் படிக்கிறாள், ஆள் உயர வயலின் மாதிரி இருக்கும் தந்தி வாத்தியம், அதனால் நானும் சொல்கிறேன். அவளைவிட உயரமான அந்தப் பெட்டியை மெற்றோப் படியில் ஏற்றுவது எப்படி என்று என் முதுகுக்குத் தெரியும். விழாவைத் திட்டுகிற அண்ணாமார் ஒன்றை யோசிக்க வேண்டும். விழாவில் அவளுடைய ஆசிரியர் வாசித்தால் ஒப்பந்தப்படி சம்பளம் வருகிறது. போன குளிர்காலத்தில் ஒரு உணவகத்தில் இவளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் மூன்று மணி நேரம் வாசித்தார்கள். கடைசியில் முதலாளி ஆளுக்கொரு தட்டுப் பாஸ்டாவைக் கொடுத்து, "உங்களுக்கு நல்ல அனுபவம்" என்றார். சின்ன இடம் என்றாலே அங்கே கலையை மதிப்பார்கள் என்று எழுதாதீர்கள்.

எல்லா இடமும் அப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மக்கே தெருவில் அப்ஸ்டேர்ஸ் என்ற ஜாஸ் கிளப் இருக்கிறது, பேர் மாடி, இடம் நிலவறை. பியானோக்காரரின் இடது கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஒரு இரவு அங்கே பேஸ் தனியாக வாசித்தபோது பின்னால் ஐஸ் போடுகிற பையன் கரண்டியைத் தூக்கியபடியே நின்றான், அது முடியும் வரை கீழே வைக்கவில்லை. விழாத் திடலில் பேஸ் தனியாக வந்தால் அடுத்த மேடையின் டிரம்ஸ் வந்து அதை மூடிவிடும். அந்த வகையில் நான் வடலி அண்ணாவின் பக்கம்.

பார்க்எக்ஸ் ரேவதி:
அக்கா, அந்த ஐஸ் பையனை என் பிள்ளைகள் பார்க்க முடியாது என்பதுதான் நான் சொல்வது.

வடலி:
முடியும், தங்கச்சி. மேசோன் டெ லா கல்ச்சர் என்று நகராட்சியின் கலை மண்டபங்கள் பல வட்டாரங்களில் இருக்கின்றன. நிறைய நிகழ்ச்சி இலவசம், பிள்ளைகளோடு போகலாம், ஜாஸும் வரும். அங்கேயும் பாதிக் கதிரை காலிதான். முதலிலேயே இதைச் சொல்லாமல் கிளப் கிளப் என்று நின்றது என் பிழை. விழாவைப் பற்றி நான் சொன்னதை மாற்றவில்லை.

பார்க்எக்ஸ் ரேவதி:
நானும் மாற்றவில்லை. முதல் நாள் மாலை திடலில்தான் நிற்பேன், சின்னவனுக்கு டிரம்ஸ் அடிப்பவருக்கு நேர் முன்னால் இடம் வேண்டுமாம். ஆனால் செப்டம்பருக்குப் பிறகு அந்த மண்டபங்களில் என்னென்ன நாள், எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் இங்கே போடுங்கள் அண்ணா. சனி ஞாயிறு என்றால் நாங்கள் ஐந்து பேர்.